மேற்கு எந்தப் பக்கம்?

அத்தியாயம் ஐந்து

கூரையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தது போல இருந்தது அந்தப் படம். ஹாலில் நீல சோபா. சமையலறையில் இரட்டை அடுப்பு. மாடிப்படிக்கு அடியில் ஒரு பூந்தொட்டி. மஞ்சள் சட்டை போட்ட விரல் நீள மனிதர் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்.

"இவரும் வீட்டோட சேர்ந்து வருவாரா, இல்ல தனியா வாங்கணுமா?" என்று கேட்டாள் பாரதி.

எதிரே இருந்த சூரியபிரகாஷ் வாய்விட்டுச் சிரித்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "உங்களுக்கு ஃப்ரீயாவே தர்றேன் மேடம். குவைத்லேர்ந்து லீவுல வந்திருக்கீங்க, இதுகூடச் செய்ய மாட்டோமா?"

பாரதி குவைத்தை உலகப் படத்தில்கூடத் தேடிப் பார்த்ததில்லை. தினமும் கணியம்பாடியிலிருந்து மொபெட்டில் வேலூர் வந்து, துப்பறியும் தேவானந்தத்திடம் உதவியாளராக வேலை பார்க்கிறவள். இன்று மட்டும் அவள் குவைத் நர்ஸ். தேவானந்தம் அவளுடைய அண்ணன். அண்ணன் வேஷத்துக்காக அவர் எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும். அது அவருக்குப் பிறவியிலேயே வந்த வித்தை.

ஆம்பூரில் நெடுஞ்சாலை ஓரமாக நின்ற பழைய தோல் கிடங்கு ஒன்றுக்குக் கண்ணாடி மாட்டி, ஏசி வைத்து, 'பொன்னிழல் மனைகள்' என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். ஏசி எவ்வளவு ஓடியும் சுவருக்குள் ஊறிப்போன வாடை போகவில்லை. ஜன்னல்களையெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வெளியே மே மாத வெயில் கொளுத்துகிறது என்பது வாசல் கண்ணாடியில் ஒரு பட்டை வெளிச்சமாக மட்டும் தெரிந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருந்த அறையில், நோயாளிகளின் கோப்புகளுக்கு நடுவே பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவர் தேவானந்தம். அடைத்த ஜன்னலைக் கண்டால் இன்றும் அவருக்கு மூச்சு பாதியிலேயே நின்றுவிடும்.

படத்தில் இருந்தது நிஜ வீடு அல்ல. அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. குட்டி மனிதர்களை உண்டாக்கி, அவர்களுக்கு வீடு கட்டி, சமைக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, தூங்கப் பண்ணும் விளையாட்டு. காலேஜ் பிள்ளைகள் பொழுது போகாமல் ஆடிக்கொண்டிருந்ததை வைத்து சூரியபிரகாஷ் மனை விற்றான். காலி மனையைக் காட்டி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று அவன் சொல்வதில்லை. வாங்க வருகிறவர்களிடம், எத்தனை அறை, திரைச்சீலை என்ன நிறம், பூஜை மாடம் வேண்டுமா, ஏசு படம் எங்கே மாட்டுவது என்று கேட்பான். மறுநாள் அவர்களுடைய வீடு விளக்கெரிய, ஆள் நடமாட, அச்சடித்த படமாகக் கையில் கிடைக்கும்.

அந்த வீடுகளைக் கட்டியவளைத் தேடித்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

அவள் பெயர் சைரா. இருபத்திரண்டு வயது. பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபடி, முதலில் பொழுதுபோக்காகவும் பிறகு சூரியபிரகாஷுக்காகவும் வீடுகள் கட்டியவள். நாற்பது நாளைக்கு முன்னால், கம்பெனி பெங்களூருக்கு அனுப்புகிறது என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டு மஹ்பூபியின் போனில் அம்மாவோடு இரண்டு நிமிடம் பேசுவாள். மேஜரான பெண், அவளேதான் பேசுகிறாள், இதில் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று போலீசில் கைவிரித்துவிட்டார்கள்.

அவளுடைய அம்மா சுகரா பேகம் நேற்று தேவானந்தத்தின் எதிரே வந்து உட்கார்ந்தாள். வீட்டிலிருந்தபடி ஷூ மேல்தோல் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரல்கள்.

"பேசறது என் பொண்ணுதான் சார். ஆனா என் பொண்ணு மாதிரி பேசல. என்னோட சண்டையே போடறதில்ல. 'பாரம் தூக்காத, வெயில்ல போவாத'ங்கறா. கம்பெனிலேர்ந்து சத்து மாத்திரை வேற வருது. எனக்கு எதுக்கு சார் சத்து? எங்கியோ அடைச்சு வெச்சிருக்காங்க அவளை. ஞாயித்துக்கிழமை அந்தக் கம்பெனியில விழா. அன்னிக்கு எல்லா மனையும் வித்துடுமாம். அதுக்கப்புறம் இவ எதுக்கு அவங்களுக்கு?"

போகும்போது, மகள் பிரவுசிங் சென்டரில் இருந்தபோது கட்டி அச்சடித்து வைத்திருந்த பன்னிரண்டு வீடுகளின் படங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்று சனிக்கிழமை. கையில் ஒரு நாள்தான் இருந்தது.

"இதெல்லாம் யாரு சார் போடறது? சூப்பரா இருக்கு," என்றாள் பாரதி.

"நம்ம கரோலின்தான்."

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தி, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதது போலச் சிரித்தாள்.

"கரோலின், இந்த ரூம்ல சின்னதா சிவப்பா இருக்கே, அது இன்னா?" என்று மேஜை மேலிருந்த ஆல்பத்தைக் காட்டிக் கேட்டாள் பாரதி.

கரோலின் எழுந்து வந்து பார்த்தாள். "அது... கால்மிதி மேடம்."

தேவானந்தம் ஆல்பத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையில் அந்தச் சிவப்பு விரிப்பு இருந்தது. கால்மிதி என்றால் கதவோரம் கிடக்கும். இது எப்போதும் இடப்பக்கச் சுவரில் தலை முட்டுகிற மாதிரிக் கிடந்தது. அந்தச் சுவரில் மட்டும் படம் இல்லை, கண்ணாடி இல்லை. அவருடைய பைக்குள் இருந்த பழைய பன்னிரண்டு வீடுகளிலும் அதே விரிப்பு, அதே வெறுஞ்சுவர். ஆனால் அங்கே அது வலப்பக்கச் சுவர். காலை பஸ்ஸில் வரும்போதே பார்த்து வைத்திருந்தார்.

அரை மணி நேரமாக வாயே திறக்காத மனிதர் திடீரென்று பேசியதில் சூரியபிரகாஷ் திடுக்கிட்டான்.

"கக்கூஸை மாத்தணும்."

"எ... எப்படி சார்?"

"இந்த மூலைக்கு வரணும். உக்காந்தா இந்த இடப்பக்கச் சுவரைப் பார்க்கணும். இப்பவே போட்டுக் காட்ட முடியுமா? தங்கச்சிக்கு நாளைக்கு ஃப்ளைட்."

"வாஸ்துவா சார்?"

தேவானந்தம் பதில் சொல்லவில்லை. சொல்லாததை சூரியபிரகாஷ் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். அந்தத் தாளில் குறித்துக்கொண்டு, "பழைய ஃபைல் மேல இருக்கு, எடுத்துக் குடுத்துட்டு வர்றேன்," என்று பின்பக்கப் படியேறிப் போனான். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, "கரோலின், ஸ்டார்ட் பண்ணும்மா," என்றான். கரோலின் மவுஸை நகர்த்தத் தொடங்கினாள்.

நாற்பது நிமிடம் போனது. ஏசியின் உறுமலைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை. தேவானந்தம் அடைத்த ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர்ப்பதற்காகத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரதி அவர் பக்கம் சாய்ந்தாள். "சார், அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி கண்ணாடியைப் பாருங்க. திரை தெரியுது. சீட்டு விளையாடிக்கிட்டே நமக்கு கக்கூஸ் கட்டறாங்க. ரெண்டு கையிலயும் வேலை போல."

சூரியபிரகாஷ் மறுபடி மேலே போய் ஒரு தாளோடு வந்தான். மை இன்னும் ஈரமாக இருந்தது. கேட்ட மூலைக்குக் கழிப்பறை வந்துவிட்டது. ஓடுகூட மாறியிருந்தது. ஆனால் பீங்கான் மட்டும் இடப்பக்கச் சுவரைப் பார்க்கவில்லை. படத்தின் கீழ்ப்பக்கம், ரோட்டைப் பார்த்து நின்றது.

"திருப்பி வெச்சுட்டாங்களே," என்றாள் பாரதி.

"அட, சின்ன மிஸ்டேக். மாத்திடலாம் மேடம்." சூரியபிரகாஷின் காதோரம் சிவந்தது.

அதற்குள் வாசலில் ஒரு வேன் நின்று, வெளியூர்த் தம்பதி ஒன்று உள்ளே வந்தது. வேட்டி கட்டிய பெரியவரும், அவருக்குப் பின்னால் சேலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்தபடி அவர் மனைவியும். "நெமிலி முனிரத்தினம் ஐயாவா? வாங்க, வாங்க! அம்மா, உக்காருங்க!" என்று சூரியபிரகாஷ் அவர்கள் பக்கம் ஓடினான்.

"மிஸ்டேக் இல்ல பாரதி," என்றார் தேவானந்தம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுக்காரர் சத்தார் பாய் வீடு கட்டறப்போ மேஸ்திரி கக்கூஸ் பீங்கானை மேற்கு பார்த்து வெச்சுட்டான். பூசி, ஓடு ஒட்டி, எல்லாம் முடிஞ்சப்புறம் பாய் வந்து பார்த்தார். சுத்தியலை எடுத்து அவரே உடைச்சார். தொழற திசை அது. அந்தப் பக்கம் பார்த்தும் உக்கார மாட்டாங்க, முதுகு காட்டியும் உக்கார மாட்டாங்க."

பாரதியின் கண்கள் விரிந்தன. "அப்போ அந்தச் சிவப்பு..."

"தொழுகை விரிப்பு. வாங்கறவன் யாரா இருந்தாலும் வீட்டுக்கு ஒண்ணு போட்டுடறா. வெறும் பழக்கம். நான் கேட்டது மேற்கு பார்த்த கக்கூஸ். சூரியபிரகாஷ் சொன்னாலும் அவ கை வரல. மேலதான் இருக்கா. கட்டறதும் அவதான்."

"ஆனா விளையாட்டுல மேற்கு எங்கேர்ந்து சார் வந்துச்சு? திசைகாட்டி குடுத்திருக்கானா உள்ள?"

"இல்ல. அதான் விஷயம்." தேவானந்தம் விரலால் மேஜையில் ஒரு கோடு போட்டார். "திசை இல்லாத இடத்துல அவ தன்னோட திசையை வெச்சுக்கறா. காலையில பிரவுசிங் சென்டர்ல அவ நாற்காலியைப் பார்த்தோம். தெற்குச் சுவரைப் பார்த்து இருக்கு. தெற்கு பார்த்து உக்காந்தா மேற்கு வலது கைப்பக்கம். பழைய வீட்டுல எல்லாம் விரிப்பு வலப்பக்கம். இங்க இடப்பக்கம். அப்போ இப்ப அவ வடக்கு பார்த்து உக்காந்திருக்கா."

"கட்டடமே வடக்கு பார்த்தது. மாடியில பின்பக்க ரூம்னா..."

"கதவு வடக்குச் சுவர்லதான் இருக்கும். கதவைப் பார்த்து உக்காந்திருக்கா." அவர் முகம் சுருங்கியது. "அடைச்சு வெச்ச ஒருத்தியைக் கதவைப் பார்த்து யாராவது உக்கார வெப்பாங்களா?"

பாரதி எழுந்து கரோலினிடம் போனாள். "பாத்ரூம் எங்க இருக்குங்க?"

கரோலின் ஒரு கணம் தயங்கினாள். முதலாளி நெமிலிக்காரர்களுக்கு ஆல்பத்தை விரித்துக்கொண்டிருந்தான். "மேல... மேல இருக்கு," என்றாள். தேவானந்தமும் கூடவே எழுந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, சீட்டாட்டத்துக்குத் திரும்பிக்கொண்டாள்.

படி மரப்படி. ஒவ்வொன்றும் முனகியது. பாரதி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி வைத்துக்கொண்டாள். "எப்பேர்ப்பட்ட பூட்டா இருந்தாலும் ரெண்டு நிமிஷம் சார்."

பூட்டு இல்லை. வெளியே தாழ்ப்பாள்கூட இல்லை. பின்பக்க அறையின் கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. தேவானந்தம் அதைத் தள்ளினார்.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கட்டில், மண்பானை. ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. திரைக்கு மேலாக ஒரு பெண்ணின் முகம் அவர்களை நேராகப் பார்த்தது. நாற்பது நாளாக அவள் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"சைரா?"

"யாரு நீங்க?"

"உங்க அம்மா அனுப்பினாங்க. வேலூருக்கு வந்து எங்களைப் பார்த்தாங்க."

அவர்கள் எதிர்பார்த்தது அழுகையை. அவளுக்கு வந்தது கோபம். "வேலூருக்கா? பஸ்லயா? இந்த வெயில்ல அவங்களை யாரு விட்டது?"

"உக்கார இடம் கிடைக்காம ஆம்பூர்லேர்ந்து நின்னுக்கிட்டே வந்தாங்களாம்," என்றாள் பாரதி. "வந்ததும் ரெண்டு பிளேட் இட்லி சாப்பிட்டாங்க. எனக்கு வாங்கினதையும் சேர்த்து."

சைரா தலையில் கைவைத்துக்கொண்டாள். "போய்டுங்க. நான் வரல."

"கதவு திறந்திருக்கு. ஏன் போகல நீங்க?"

தேவானந்தம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கீழே சூரியபிரகாஷ் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. பேசாமல் நிற்கிற ஒருவர் முன்னால் மனிதர்கள் கடைசியில் பேசிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சைரா மேஜை இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"எங்க தெருவுல கம்பெனி இலவச மருத்துவ முகாம் நடத்துச்சு. அம்மா ரத்தம் குடுத்தாங்க. ரிப்போர்ட் சூரியபிரகாஷ் சார்கிட்ட வந்துச்சு. ரத்தத்துல புத்துநோய். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரே வாரத்துல போய்டுவாங்கன்னு டாக்டர் சொன்னாராம். சத்து மாத்திரைன்னு சொல்லி மருந்து அனுப்பறார். நான் வேலையை முடிச்சுக் குடுத்தா பெரிய டாக்டர்கிட்ட இவரே கூட்டிட்டுப் போறேன்னார்."

"வீட்லேர்ந்தே வேலை செய்யலாமே?"

"வீட்லயா?" அவள் அவரை, ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "என் மூஞ்சியைப் பார்த்தா அம்மா அன்னிக்கே கண்டுபிடிச்சிடுவாங்க. போன்னா ரெண்டு நிமிஷம் சமாளிச்சுடுவேன்."

தேவானந்தத்துக்கு அப்போதுதான் முழுப் பூட்டும் தெரிந்தது. இந்த ஊரில் நோயை நோயாளியிடம் சொல்வதில்லை. மகன் அழுவதற்கு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போவான். முகம் கழுவிவிட்டு வந்து, 'வெறும் கேஸ் டிரபிள்தான்பா' என்பான். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அப்படி எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பாசத்தைத்தான் ஒருவன் பூட்டாக்கி வைத்திருந்தான். தாயும் கேட்க முடியாது, மகளும் சொல்ல முடியாது. இதற்கு எதற்குத் தாழ்ப்பாள்?

"இந்த ரிப்போர்ட் எப்ப குடுத்தான்? அதுக்கு முன்னாடி நாள் இன்னா நடந்துச்சு?"

சைரா யோசித்தாள். "அதுக்கு முன்னாடி நாள் சண்டை. சைட்ல போர் போட்டப்போ தண்ணி காப்பி நிறத்துல வந்துச்சு. பழைய தோல் கழிவைக் கொட்டி மூடின இடம் அது. வாங்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிடுவேன்னு சொன்னேன். மறுநாள் ரிப்போர்ட் வந்துடுச்சு."

"ரொம்ப ஃபாஸ்ட் சர்வீஸ்," என்றாள் பாரதி.

தேவானந்தம் தாளை விரித்தார். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரேதான். முத்திரை அச்சு அசலாக இருந்தது. வெளிநோயாளி, ரத்தப் பரிசோதனைப் பிரிவு. தேதி, மார்ச் இருபத்தைந்து. அவர் அந்தத் தேதியை வெகுநேரம் பார்த்தார். பாரதிக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார், ஏதாவது சொல்லுங்க!"

"அன்னிக்கு பெரிய வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் நான் சர்ச்சுல உக்காந்திருந்தேன். எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தது அந்தப் பிரிவோட தலைமை டெக்னீஷியன்." அவர் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "வெளிநோயாளிப் பிரிவை வருஷத்துல மூடற நாள்கள் ரொம்பக் கம்மி. அதுல ஒண்ணு பெரிய வெள்ளி. நான் இருந்த பன்னிரண்டு வருஷமும் அன்னிக்கு ஒரு ரிப்போர்ட்டும் போனதில்ல. இதை அடிச்சவனுக்கு முத்திரை தெரிஞ்சிருக்கு, காலண்டர் தெரியல. திங்கக்கிழமை உங்க அம்மாவை நானே கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுக்கறேன். ஆனா இந்தத் தாள் பொய்யி."

திரையில் மஞ்சள் சட்டைக்காரர் மேஜையிலிருந்து எழுந்து, அறை அறையாக நடந்து, மறுபடி மேஜைக்கே வந்தார்.

பாரதி தன் செல்போனில் மஹ்பூபியின் எண்ணைப் போட்டுச் சைராவின் கையில் கொடுத்தாள். மஹ்பூபி கூப்பிடப் போன சத்தம், செருப்புச் சத்தம், பிறகு மூச்சு வாங்கும் சத்தம்.

"அம்மா," என்றாள் சைரா. "உனக்கு இன்னா பண்ணுது? உண்மையைச் சொல்லு. மயக்கம் வருதா? ஜுரம் வருதா?"

போனுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. சுகரா பேகத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எனக்கு இன்னாடி? கல்லு மாதிரி இருக்கேன்! உன்னை நெனச்சு நெனச்சு ராத்திரியில அழறேன், பகல்ல தைக்கறேன். அந்தச் சத்து மாத்திரையைத் தின்னு பசி வேற ஜாஸ்தியாயிடுச்சு. வீட்டுக்கு வாடி மொதல்ல. உன் காலை உடைக்கறேன்!"

நாற்பது நாளுக்குப் பிறகு அம்மா திட்டினாள். சைரா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அது அழுகையா சிரிப்பா என்று தெரிந்துகொள்ள முயலாமல் தேவானந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூவரும் படியிறங்கினார்கள். சூரியபிரகாஷ் ஆல்பத்திலிருந்து நிமிர்ந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"சைரா, மேல போம்மா," என்றான் மெதுவாக, தங்கையிடம் சொல்வது போல. "அம்மா உடம்பு ஞாபகம் இருக்கட்டும்."

பாரதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேவானந்தம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இது அவர்கள் பேச வேண்டிய இடமில்லை.

சைரா கடைசிப் படியில் நின்றாள். சூரியபிரகாஷைப் பார்க்கவில்லை. நெமிலி முனிரத்தினத்தின் மனைவியைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த இடத்துல போர் போட்டாங்க. தண்ணி காப்பி நிறத்துல வந்துச்சு. கீழ தோல் கழிவு இருக்கு."

"பைத்தியம் சார் இது, வேலையை விட்டு நிறுத்தின பொண்ணு..." என்று எழுந்தான் சூரியபிரகாஷ்.

முனிரத்தினம் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். "நீ யாரும்மா?"

"நீங்க பார்த்துக்கிட்டிருக்கிற வீட்டைக் கட்டினவ."

அந்த அம்மாள் ஆல்பத்தின் மேல் வைத்திருந்த விரலை எடுத்தாள். "இன்னா நிறம்னு சொன்ன?"

சைரா மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. மூலையிலிருந்து கரோலின் எழுந்து போய், வாசல் கதவை முழுக்கத் திறந்து, மூடிவிடாதபடி முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.